வெள்ளைச் சேலையில் ஒரு கலர்ப் படம்

வாய் மூடாத என் அன்பு அத்தைக்கு,

முதலில் ஒரு மரண அறிவித்தல். தயவுசெய்து எழுந்து நில்லுங்க. தலவாக்கலைக் கடை ஒன்றைப் பிறப்பிடமாகவும், நம் வீட்டு டீவி மேசையை வசிப்பிடமாகவும் கொண்ட திருவாளர் ரிமோட் அவர்கள் காலமானார். அன்னார் சின்ன பேட்டரிகளின் பாசமிகு தந்தையும், சத்தம் கூட்டும் பொத்தானை உங்கள் கட்டைவிரலுக்குப் பலிகொடுத்த தியாகியும், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அடிக்கடி தலைமறைவானவரும் ஆவார். பேட்டரி உள்ளுக்குள்ளேயே கசிந்து உருகியதே மரணத்துக்குக் காரணம். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், பக்கத்து வீட்டு ரிமோட்டுகள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

சிரிச்சீங்களா? சிரிச்சிருப்பீங்க. சிரிச்சுட்டு, "எழவு வீட்டுல பேசுற பேச்சா இது" என்று என் தலையில் ஒரு கொட்டும் வைத்திருப்பீங்க. சிரிப்பு முதலில், கொட்டு இரண்டாவது. அந்த வரிசையை நீங்க ஒருநாளும் மாற்றியதில்லை.

ரிமோட் செத்தது கிண்டலுக்குத்தான் அத்தை. ஆனால் ஏன் செத்தது என்று கேட்டீங்கன்னா அது கிண்டல் இல்லை. யாரும் தொடவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே நெஞ்சுவலி உங்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. உங்களை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்த அன்றைக்கே அப்பா டீவியைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மேலே ஒரு துணியைப் போட்டார். கருமாதி முடிந்ததும் திருப்பிவிடுவார் என்று நானும் தங்கச்சி கவியும் காத்திருந்தோம். கருமாதி முடிந்தது. டீவி மட்டும் குற்றம் செய்த பிள்ளை மாதிரி சுவரைப் பார்த்தபடியே நின்றது.

கவி போய்க் கேட்டாள். ஒன்பது வயசுக்காரிக்கு என்ன பயம்? அப்பா சொன்னார், "ஒரு வருஷம். இந்த வீட்டுல ஒரு சத்தம் கேக்கக் கூடாது." உங்களுக்குப் பிறகு அப்பா பேசியதில் அதுதான் நீளமான வசனம். மற்றதெல்லாம் "ம்", "வை", "போ". சாயந்தரம் ஃபெக்டரியில் பொய்லர் வேலை முடிந்து வருவார். நம் லய வரிசையில் பக்கத்து வீடாகப் பூட்டிக் கிடக்கிற உங்கள் காம்பராவைத் திறப்பார். உங்கள் படத்துக்கு விளக்கேற்றுவார். பூட்டிவிட்டு வந்து சுவரைப் பார்த்து உட்காருவார். டீவியும் அவரும் ஒரே திசையில்.

நான் கேட்கிறேன் அத்தை, உங்களுக்குத் துக்கம் காக்க அமைதியா? உங்களுக்கா?

படம் பார்க்கும்போது நீங்க வாயை மூடி நான் பார்த்ததில்லை. வில்லன் வந்தால் அவன் அம்மாவைக் கூப்பிட்டு நாலு வார்த்தை. கதாநாயகன் அழுதால் "மூக்கத் தொடைடா". அழுகைக் காட்சி வருவதற்கு முன்னாலேயே முடிவைச் சொல்லிவிடுவீங்க. "அவன் வரமாட்டான்டி, இப்பவே அழுதுட்டு அப்புறம் நிம்மதியாப் பாருங்க." உங்களோடு படம் பார்க்க மாட்டேன் என்று லயமே சபதம் போடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை லயமே வந்து உட்காரும். இப்படிப்பட்ட ஆளுக்கு ஒரு வருஷம் மௌனமா? இது அஞ்சலி இல்லை, ஆள்மாறாட்டம். வேறு யாரோ அமைதியான அத்தைக்கு நடக்க வேண்டிய துக்கம், விலாசம் தப்பி நம் வீட்டுக்கு வந்துவிட்டது.

இதை நான் மாற்றுவதாக முடிவு பண்ணினேன்.

முடிவு பண்ணின நாள், கோயில் தலைவர் முத்தையா மாமா நம் வீட்டுக்கு வந்த நாள். தீபாவளிக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டே சட்டம் படித்தார். துக்க வீடு, அதனால் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது. புதுத்துணி கூடாது. பட்டாசு கூடாது. வாசலில் கோலம் கூடாது. பலகாரம் அக்கம்பக்கத்தில் கொண்டுவந்து கொடுப்பாங்க, அதை வாங்கிச் சாப்பிடலாம். அம்மா தலையாட்டினாங்க. அப்பா "ம்".

"மூச்சு விடலாமா மாமா?" என்று நான் பணிவோடு கேட்டேன். அப்பா பார்த்த பார்வையில் என் பிளேன்டீ இன்னொரு தடவை கொதித்தது. ஆனால் அத்தை, அந்த நீளமான பட்டியலை நான் காது கொடுத்துக் கேட்டேன். எண்ணெய், துணி, வெடி, கோலம் எல்லாம் இருந்தது. படம் பார்க்கக் கூடாது என்று மாமா சொல்லவே இல்லை. அது அப்பாவின் சட்டம், ஊர்ச் சட்டம் இல்லை. ஊர் வேண்டாம் என்று சொல்லாததை நான் செய்தால் யாருக்கு என்ன?

டீவியைத் திருப்புவது சின்னப் பையன்கள் வேலை. நான் தியேட்டர் கட்ட நினைத்தேன். உங்கள் காம்பராவில், உங்கள் படத்தை, தீபாவளி அன்றைக்கு. அந்த ரயில் படத்தைத்தான். புருஷன் வருவான் வருவான் என்று ஒருத்தி ஸ்டேஷனிலேயே காத்திருப்பாளே, அது. நீங்க சின்னப் பிள்ளையாக இருந்தபோது அட்டன் தியேட்டரில் பார்த்து, அதற்குப் பிறகு தோட்டத்தில் எந்த வீட்டில் போட்டாலும் போய் உட்கார்ந்த படம்.

அந்தப் பள்ளி விடுமுறை முழுக்க அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு மரக்கறித் தோட்டத்துக்குப் போனேன். லீக்ஸ் கழுவுகிற வேலை. அந்தத் தண்ணீரில் கை வைத்தால் கை இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டாங்க, அப்படி ஒரு வாசனை. நான் ஜன்னல் ஓரமாக, தனி சீட்டில், ராஜா மாதிரி வந்தேன்.

அந்தச் சம்பளத்தோடு தலவாக்கலையில் போன் திருத்துகிற சிங்கள அண்ணன் நிமல் அய்யே கடைக்குப் போனேன். புது புரொஜெக்டர் விலையைக் கேட்டுவிட்டு, பழசு இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டேன். அலுமாரிக்கு மேலேயிருந்து ஒன்றை இறக்கினார். செங்கல் அளவுதான். போட்டால் படத்தில் இடது பக்கம் மஞ்சளாக ஒரு வட்டம் விழுகிறது. "ஹொந்தய் மல்லி, ஹொந்தய்" என்று, நல்ல சாமான்தான் தம்பி என்று, சத்தியம் பண்ணினார். மஞ்சள் வட்டத்தைக் காட்டினேன். அது சந்தனப் பொட்டு, தமிழ்ப் படத்துக்குப் பொருத்தம் என்றார். அத்தை, என்னையே ஒருத்தர் வாயால் ஜெயித்த நாள் அது. பேசி வாங்கி, யாரோ ஒரு பழைய த்ரீவீலரில் கழற்றிப் போட்ட இரண்டு ஸ்பீக்கரையும் அதன் தலையில் சேர்த்து வாங்கிவிட்டேன்.

சாவி அம்மா கொடுத்தது. காம்பராவில் பூஞ்சணம் பிடிக்கிறது, பகலில் திறந்து காற்றாட விடணும் என்று அம்மா அப்பாவிடம் சொல்லியிருந்தாங்க. காற்று என்ற பெயரில் நான் போனேன். அப்பா சாயந்தரம் விளக்கேற்ற வருமுன் சாமானையெல்லாம் உங்கள் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவிடுவேன்.

நான் செய்த தப்புகளையெல்லாம் சொல்கிறேன், பின்னால் யாராவது வீட்டில் தியேட்டர் போட்டால் உதவும். ஸ்பீக்கரை உங்கள் அலுமினியக் குடத்துக்குள் வைத்தால் சத்தம் பெரிசாகும் என்று நினைத்தேன். பெரிசானது. ஆனால் கதாநாயகி கிணற்றில் விழுந்துவிட்டு அங்கேயிருந்து காதல் வசனம் பேசினாள். பிறகு ஒரு மரப் பெட்டியில் வைத்து, பின்பக்கம் உங்கள் பழைய கம்பளியைச் சுருட்டி அடைத்தேன். குரல் மேட்டுக்கு வந்தது. கூரைத் தகரத்தில் மழை விழுந்தால் வசனம் ஒன்றும் கேட்காது என்று, உர பேக்குகளை வெட்டித் தைத்து மேலே பரப்பிக் கல் வைத்தேன். கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் கட்டுவீங்களே அந்தப் படங்கு, அதை ஜன்னலில் தொங்கவிட்டேன். படங்கு கட்டி உழைச்ச ஆளுக்குப் படங்கு கட்டியே ஒரு படம். இதை நான் சொன்னபோது கவி மட்டும் சிரித்தாள். அவளுக்கு ரசனை இருக்கு.

பெரிய தலைவலி திரை. சுவரெல்லாம் அடுப்புப் புகை பிடித்துக் கறுப்பு. அம்மாவின் பெட்ஷீட்டைக் கட்டிப் பார்த்தேன். அதில் ரோஜாப்பூ. கதாநாயகன் நெற்றியில் ஒரு பூ, கன்னத்தில் ஒரு பூ, வீரமாகக் கை தூக்கினால் அக்குளில் ஒரு பூ. அந்த நிலைமையில் யார் அழுவாங்க?

அந்த வாரம்தான் அம்மா உங்கள் பெட்டியைத் திறந்தாங்க. சேலைகளை எல்லாம் பங்கு வைக்க வேண்டிய நேரம். பச்சை, கத்தரிப்பூக் கலர், அந்தக் கண்ணைக் குத்துகிற மஞ்சள் எல்லாவற்றையும் உங்களோடு கொழுந்து பறிச்ச அக்காமார் வந்து ஆளுக்கு ஒன்றாக எடுத்து, மடியில் வைத்துத் தடவிப் பார்த்துக் கொண்டுபோனாங்க. அடியில் ஒன்று மிஞ்சியது. வெள்ளை. மடிப்புக்கூடக் கலையாதது. ஒரு மூலை மட்டும் கருகியிருந்தது. எடுக்கப்போன கையெல்லாம் பின்னால் போனது.

என்னம்மா இது என்று கேட்டேன். அம்மா வாசலை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னாங்க. உங்கள் வீட்டுக்காரர், அந்த மாமா, செத்தபோது உங்களுக்கு இருபது சொச்சம் வயசு. பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை கொண்டுவந்து போட வேண்டியது தம்பி முறை. தாத்தா இல்லாததால் அப்பாதான் அந்த வீட்டு ஆம்பிளை. மீசை ஒழுங்காக முளைக்காத வயசு. பெரியவங்க காசைச் சேர்த்து வெள்ளைச் சேலையை வாங்கி அவர் கையில் கொடுத்து, போய் அக்காவுக்குப் போடு என்று தள்ளிவிட்டிருக்காங்க. அவரும் போட்டிருக்கார்.

நீங்க அதைத் தோளிலிருந்து எடுத்து நேராக அடுப்பில் வைச்சீங்களாம். அப்போது பக்கத்து லயத்துப் பிள்ளையாக அங்கே நின்ற அம்மா பாய்ந்து இழுத்ததில் மூலை மட்டும் கருகியது. பிறகு நீங்க அப்பாவிடம் சொன்னது ஒரே வசனம்: "தம்பி, நீ குடுத்தத வாங்கிக்கிட்டேன். கட்டறது என் இஷ்டம்." மறுநாள் கலர்ச் சேலையோடு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய் நின்றீங்களாம். கங்காணியே வாயைப் பிளந்து பார்த்தாராம்.

இந்தக் கதையை ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லவில்லை? சினிமாக் கதை எத்தனை சொல்லியிருக்கீங்க. அதில் எதிலும் இப்படி ஒரு காட்சி இல்லையே.

அப்பா அதற்குப் பிறகு உங்களிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லையாம். நீங்க கலரில் வந்து நிற்கும்போதெல்லாம் கண்ணைத் தாழ்த்திக்கொள்வாராம். அம்மா சொன்னாங்க, "மன்னிப்புக் கேக்க வாய் வராமலேயே வருஷம் போயிருச்சுடா." அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா காத்தது அமைதி இல்லை. கேட்காமல் விட்ட அந்த மன்னிப்புத்தான் அவர் வாயைக் கட்டியிருந்தது.

சேலையை நான் எடுத்துக்கொண்டேன். அம்மா தடுக்கவில்லை. மோந்துகூடப் பார்த்தேன். உங்கள் வாசனை கொஞ்சமும் இல்லை. எப்படி இருக்கும், நீங்க கட்டினால்தானே?

இரண்டாக மடித்து, அம்மாவிடம் ஓரம் தைக்கச் சொல்லி, மேலும் கீழும் மூங்கில் கழி நுழைத்தேன். உங்கள் காம்பரா இஸ்தோப்பின் முன்பக்கம் இரண்டு தூணுக்கும் நடுவில் கட்டினேன். முதலில் புரொஜெக்டரை உங்கள் அடுப்பு மேடையில் வைத்தேன். கதவு நிலை இரண்டு பக்கமும் படத்தை வெட்டியது. ரயிலுக்கு இஞ்சினும் இல்லை, கடைசிப் பெட்டியும் இல்லை. உங்கள் டிரங்குப் பெட்டியைக் கதவுப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, அதன் மேல் வைத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் படம் சரியாகக் கதவு வழியாக நுழைந்து, வெளியே போய் விரிந்து, சேலை முழுக்க நிறைந்தது. அத்தை, அந்த நேரத்தில் நீங்க என்னைப் பார்த்திருக்கணும். விஞ்ஞானி மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றேன்.

தீபாவளி அன்றைக்கு ஃபெக்டரி லீவு. அப்பா வேண்டுமென்றே பொய்லரைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார், வீட்டில் இருந்தால் பலகாரத் தட்டோடு வருகிறவர்களுக்கு முகம் கொடுக்கணுமே. நான் அக்காமாரிடமும் பிள்ளைகளிடமும் மட்டும் சொல்லி வைத்திருந்தேன். மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கியதும் பாயோடு வந்துவிட்டாங்க. இஸ்தோப்பில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, நடுவில் வெளிச்சம் போக வழி விட்டாங்க. முறுக்கு வந்தது. துக்க வீட்டில் சுடாத முறுக்கு, ஆகவே சட்டப்படி சரி.

படம் தொடங்கியது. தலைப்பு எழுத்து வந்ததும் எல்லாரும் கை தட்டினாங்க. மஞ்சள் பொட்டு நேராகக் கதாநாயகியின் காதோரம் போய் உட்கார்ந்து, கம்மல் மாதிரி மின்னியது. காற்றடித்தால் கதாநாயகனுக்கு வயிறு ஊதியது. சேலை மெல்லிசு. இரண்டாக மடித்தும் வெளிச்சம் ஊடுருவிப் போனது. அதனால் லயத்துக்கு முன்னாலே போகிற பாதையில் நின்றாலும் படம் தெரிந்தது, ஆனால் இடம் வலமாக. அங்கே எழுத்தெல்லாம் திரும்பி நின்றது, கதாநாயகன் இடக்கைக்காரன் ஆனான். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் ஒரு குடை வந்து நின்றது. முத்தையா மாமா. திட்டுவதற்கு வந்தவர், திட்டை வாயிலேயே வைத்துக்கொண்டு அந்த இடம் வலமான படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பாதையில் டோர்ச் வெளிச்சம். அப்பா.

பாய்கள் எல்லாம் அப்படியே உறைந்தன. அப்பா இஸ்தோப்பில் ஏறினார். புரொஜெக்டரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். அந்தக் கருகின மூலையில் அப்போது ஸ்டேஷன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் முகத்தில் ஏதோ நடந்தது.

"இது எந்தச் சேல?"

அங்கேதான் அத்தை உங்கள் மருமகன் நெஞ்சை நிமிர்த்தி எழுந்து நின்றான். வசனத்தை அப்படியே எழுதுகிறேன், பின்னால் வரப்போகிற சந்ததி படிக்கட்டும்:

"நீங்க குடுத்ததுப்பா. அத்தை கட்டாதது. இப்பத்தான் அது கலர் ஆகியிருக்கு. அத்தைக்கு அன்னைக்கு வெள்ளையப் போட்டீங்க. இப்ப ஒரு வருஷம் வாயக் கட்டப் பாக்குறீங்க. அவங்க ரெண்டையும் கட்டமாட்டாங்க."

திரையில் ரயில் கூவியது. அப்பா கையை ஓங்கவில்லை. இறங்கி வெளியே போய், திரைக்கு அந்தப் பக்கம் முத்தையா மாமா பக்கத்தில் நின்றார். தூறல் விழத் தொடங்கியது. மாமா குடையைப் பாதி கொடுத்தார். இரண்டு பேருமாக இடம் வலமான படத்தைப் பார்த்தாங்க. உள்ளேயிருந்து பார்த்தால், கதாநாயகி ஸ்டேஷனில் காத்திருக்கிற காட்சியில், துணிக்குப் பின்னால் இரண்டு நிழலும் அவளோடு சேர்ந்து காத்திருப்பது மாதிரி இருந்தது.

இடைவேளைக்கு அம்மா பிளேன்டீ ஊற்றினாங்க. ஒரு கோப்பையைத் திரைக்கு அடியால் நீட்டினாங்க. கோப்பை போனது. கொஞ்ச நேரத்தில் அப்பாவே வந்தார். தலையெல்லாம் நனைந்து. கவியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்.

கடைசி ரயில் வருகிற நேரம். அக்காமார் முந்தானையைத் தயாராக எடுத்தாங்க. நீங்க இருந்தால் பேசுகிற இடம் அது. யாரும் பேசவில்லை. எல்லாருக்கும் அந்த இடத்தில் ஒரு ஓட்டை தெரிந்தது. அப்போது அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"அவன் வரமாட்டான்," என்றார். "இவளே ரயில்ல ஏறிப் போயிருவா. இப்பவே அழுதுக்கங்க."

கத்தினாங்க பாருங்க அத்தை. "ஏன்யா முடிவச் சொல்ற", "அக்காவுக்குத் தம்பி தப்பாமப் பொறந்திருக்கு", முறுக்குத் துண்டு ஒன்று பறந்து அவர் தோளில் பட்டது. அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். கவி சட்டை நுனியால் அவர் மூக்கைத் துடைத்துவிட்டாள். திரையில் அந்தப் பொம்பளை ரயிலில் ஏறிப் போனாள். வெள்ளைச் சேலை கொஞ்ச நேரம் பச்சையாக, நீலமாக இருந்துவிட்டு வெள்ளையானது.

விளக்கைப் போட்டதும் அப்பா எழுந்து அந்தக் கருகின மூலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் டீவி திரும்பியது. ரிமோட் மரணம் அப்போதுதான் தெரியவந்தது. இப்போது சத்தம் கூட்ட கவி எழுந்து போக வேண்டியிருக்கு. அப்பா பேசுகிறார். அதிகமாகவே பேசுகிறார், செய்தி வாசிக்கிறவரைக்கூட விடுவதில்லை. அடுத்த வருஷம் உங்கள் திவசத்துக்கும் படம் போடணும் என்று அவரே சொல்லிவிட்டார். முத்தையா மாமா குடையோடு உள்ளே வந்து நேர்ப் பக்கம் உட்கார்ந்து பார்க்கப் போகிறாராம்.

இதோடு நிறுத்தினால் நான் பெரிய ஆள். நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் கவி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து இதை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறாள். "நெஞ்சை நிமிர்த்தி" என்ற இடம் வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதனால் ஒரு சின்னத் திருத்தம்.

அந்த வசனம் நான் சொன்னது இல்லை அத்தை. கவி சொன்னது. வசனம் எழுதினது நான்தான், அதில் சந்தேகமே வேண்டாம், ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்கிறாள். பாதையில் டோர்ச் வெளிச்சத்தைப் பார்த்த நிமிஷம் நான் பின்கதவு வழியாக ஓடினேன். சுற்றிப் போய், பாதைக்கு மேலே இருக்கிற தேயிலைச் செடிக்குள் புகுந்து உட்கார்ந்தேன். அவர் கேட்டதும், கவி பாயில் எழுந்து நின்று பதில் சொன்னதும், மடியில் தூக்கியதும் எல்லாம் பிறகு அவளும் அம்மாவும் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் பார்த்தது முத்தையா மாமா பார்த்த படம்தான், அதைவிடத் தூரத்திலிருந்து, இடம் வலமாக. அப்பா வெளியே வந்து நின்றபோது என்னைத் தேடித்தான் வந்தார் என்று நினைத்துத் தலையை இன்னும் தாழ்த்தினேன். பிறகு அவர் முதுகு குலுங்குவதைப் பார்த்தேன். காலில் அட்டை கடித்தது தெரியவில்லை. அழுதேனா என்று கேட்காதீங்க. மூடுபனி கண்ணுக்குள் போகும், அந்த மேட்டில் அது வழக்கம்.

எல்லாரும் போன பிறகு அப்பா டோர்ச்சைச் செடிப் பக்கம் அடித்தார். நேராக என் மேல். "எறங்கி வாடா தியேட்டர்க்காரா," என்றார், "அட்டைக்கு உப்புப் போடணும்." ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கு அவருக்கு.

திவசத்துக்குப் படம் போடும்போது, அப்பா பக்கத்தில், பாயில், கடைசி ரயில் போகிற வரைக்கும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பேன் அத்தை. அழுகை வந்தால் அங்கேயே அழுவேன். இது வாக்கு. கவி சாட்சி, அவள்தான் சொல்லிச் சொல்லி எழுத வைக்கிறாள்.

இப்படிக்கு,
படம் ஓட்டினவன் என்று நீங்க நம்பவேண்டிய, படம் ஓடும்போது ஓடினவனான,
உங்கள் தம்பி மகன், உங்கள் மருமகன்
தினேஷ்